குழாய் நன்றாகத்தான் இருந்தது: ஊட்டி பட்டறையில் ஒரு லேசர் பரிசோதனை

காலை எட்டு மணிக்கு வெட்டாத மெஷின் பதினொரு மணிக்கு வெட்டும். போன குளிர்காலம் முழுக்க எங்கள் பட்டறையில் இதே பாடுதான். 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டைப் போட்டால் காலையில் அடிப்பாகம் அறுபடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். பையன்கள் திருப்பிப் போட்டு விரலால் அழுத்தி உடைப்பார்கள், ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக வரும். வெயில் ஏறியதும் அதே ஷீட்டை அதே வேகத்தில் போட்டால் ஓரளவு அறுபட்டுவிடும். அதிலும் பழைய சுத்தம் இல்லை. முன்பெல்லாம் வாழைத்தண்டு அறுப்பது போல இறங்கும் மெஷின் அது.

ஊட்டி பிங்கர்போஸ்ட் பக்கம் பதினொரு வருடமாக இந்தப் பட்டறையை நடத்துகிறேன். 100 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் ஒன்று, தகட்டில் எழுத்துப் பொறிக்க 30 வாட் ஃபைபர் லேசர் மார்க்கிங் மெஷின் ஒன்று, இரண்டு பையன்கள், நான். ஹோம்ஸ்டே பெயர்ப் பலகை, அறை எண், சுற்றுலாக் கடைகளுக்கு மரச் சாவிக்கொத்து, டீ ஃபாக்டரி மூட்டைகளுக்கு ஸ்டென்சில், மோட்டார்களுக்கு நேம் பிளேட் என்று வேலை வரும். கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை கூட்டம் தாங்காது. மெஷின் படுத்ததும் சரியாக அந்த நேரத்தில்தான்.

முதலில் மெஷின் விற்பனை, சர்வீஸ் இரண்டும் செய்யும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பெயர் வேண்டாம். வந்தவர் ஒரு மரத்துண்டில் சுட்டுப் பார்த்தார், "டியூப் போயிடுச்சு மேடம்" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. லேசர் ஒளி உருவாகும் கண்ணாடிக் குழாயைத்தான் சொன்னார். புதுக் குழாய், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். மூன்று வாரம் ஓடியது, பிறகு பழைய குறையே திரும்ப வந்தது. மறுபடி போன் செய்தேன். மெஷினில் ஒரு அளவை ஏற்றிவிடச் சொல்லி போனிலேயே வழி சொன்னார்கள், ஏற்றினோம். அது என்ன அளவு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆகவே இந்த மதிப்புரை. கோவையிலிருந்து லேசர்களை அளந்து பார்த்து நிலைமை மட்டும் சொல்லும் ஒரு தம்பியை, குன்னூரில் சீல் கடை வைத்திருக்கும் ஒரு நண்பர் எனக்குச் சொன்னார். உதிரிப் பாகம் எதையும் அவர் விற்பதில்லை. அளப்பது, காரணம் கண்டுபிடிப்பது, எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான் தொழில். தன் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருக்கிற வாடிக்கையாளர்களுக்கே நாள் போதவில்லையாம். அதனால் பெயர் இல்லாமல், அவர் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன். இப்படி ஒரு சேவை இருப்பதே மலையில் பலருக்குத் தெரியாது. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் யாரைக் கூப்பிட்டாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஜனவரி மாதம், நல்ல உறைபனி நாட்கள். இந்து நகர் பக்கம் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி கிடக்கும். முந்தின நாள் மாலையே இ-பாஸ் எடுத்துக் காரில் வந்து தங்கிவிட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. போனில் நான் குறையைச் சொன்னபோதே, "காலையில மட்டும்தான் ஜாஸ்தி ஆகுதுங்களா? அப்போ நான் காலையில அங்க இருக்கோணுங்க. மெஷினை முன்னாடியே ஆன் பண்ணிராதீங்க அக்கா" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முன்னால் வந்தவர் எத்தனை மணிக்குக் குறை வருகிறது என்று கேட்கவே இல்லை.

ஏழரை மணிக்கு வந்து மெஷினைத் தொடவில்லை. ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாங்கள் தினமும் என்ன செய்வோமோ அதை அப்படியே செய்யச் சொன்னார். சின்னவன் ஷட்டரை இறக்கினான், கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்தான், டீக்குத் தண்ணீர் போட்டான். பெரியவன், லேசர் குழாயைக் குளிர வைக்கத் தண்ணீர் சுற்றவிடும் 'சில்லர்' பெட்டியை ஓட்டிவிட்டான். தம்பி ஒரு சின்ன ஈரப்பதமானியை மெஷின் மேல் வைத்து, கால் மணிக்கு ஒரு தரம் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார்.

எட்டு மணி தாண்டி அளவு எடுக்கத் தொடங்கினார். அளக்கும் கருவி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டு, பின்னால் குட்டி விசிறி. லேசர் ஒளி வட்டின் நடுவில் விழுந்து சூடாகும். அந்தச் சூடு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும்போது ஏற்படும் வெப்ப வித்தியாசம் ஒரு சிறு மின்னழுத்தமாக மாறும், அதுதான் திரையில் வாட்டாகத் தெரிகிறது. இந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, 10.6 மைக்ரான் அகச்சிவப்பு. எரிந்த தடத்தைப் பார்த்து பலமா பலவீனமா என்று ஊகிப்பது, தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்வது போலத்தான். இத்தனை வருடமும் நாங்கள் செய்ததும் அதுதான்.

ஒரே இடத்தில் அவர் அளக்கவில்லை. குழாயின் வாயில் ஒன்று, ஒளியைத் திருப்பிவிடும் முதல் கண்ணாடிக்குப் பிறகு ஒன்று, இரண்டாவது கண்ணாடிக்குப் பிறகு ஒன்று, கடைசியாக லென்ஸைக் கழற்றிவிட்டு, ஒளி ஷீட்டில் இறங்கும் நாசில் அடியில் ஒன்று. வாய்க்கால் நெடுகத் தண்ணீர் எங்கே கசிகிறது என்று மடை மடையாகப் பார்த்துப் போவது மாதிரி. குழாய்க்குப் போகும் மின்னோட்டத்தை 26 மில்லிஆம்ப் வைத்துச் சுடச் சொன்னார். மீட்டர் முள் 26-க்குப் போகவே இல்லை, 19-க்கும் 23-க்கும் நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது. குழாய் வாயில் 68 வாட். முதல் கண்ணாடி தாண்டி 57. அடுத்தது 55. நாசிலில் 52.

பிறகு மதியம் வரை காத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு மறுபடி. இப்போது முள் 26-ல் ஆணி அடித்த மாதிரி நின்றது. குழாய் வாயில் 87. முதல் கண்ணாடி தாண்டி 74. அப்புறம் 72, 69.

இந்த எட்டு எண்களை ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதி என் முன்னால் வைத்தார். "நீங்களே பாருங்க அக்கா, ரெண்டு வேற வேற வியாதி இருக்குது" என்றார். பார்த்தேன், எனக்கே புரிந்தது. முதல் கண்ணாடியில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது, அது காலையிலும் உண்டு, மதியத்திலும் உண்டு. நல்ல கண்ணாடியில் நூற்றுக்கு ஒன்று இரண்டுக்கு மேல் போகக் கூடாதாம். காலையில் மட்டும் வருவது இன்னொன்று: குழாய்க்கே மின்சாரம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. நோட்டில் எழுதும் பழக்கம் எனக்குக் கடைக் கணக்கில் உண்டு, மெஷினுக்கு எழுதியதில்லை. எழுதியிருந்தால் அந்த 38,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இனி காரணம். கேஸ் ஹீட்டர்!

விளக்கும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. சிலிண்டர் கேஸ் எரிந்தால் சூடு மட்டும் வருவதில்லை, நீராவியும் வரும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் காற்றில் கலக்கும். ஷட்டரை மூடிவைத்த அறையில் அது போக இடமில்லை. ராத்திரி முழுக்க 7 டிகிரியில் கிடந்த மெஷினின் இரும்பும் அலுமினியமும் லேசில் சூடேறாது. அவர் குறித்திருந்த கணக்குப்படி எட்டு மணிக்கு அறைக் காற்று 17 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அந்தக் காற்று 13 டிகிரி சொச்சத்துக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அதன்மேல் பனி பூக்கும். கண்ணாடி பொருத்திய அலுமினியத் தாங்கி எத்தனை டிகிரி என்று பார்க்க, அதில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் துப்பாக்கி வெப்பமானியைக் காட்டினார். பளபளக்கும் உலோகத்தில் நேராகக் காட்டினால் அந்தக் கருவி பொய் சொல்லுமாம். டேப்பில் காட்டியது 9 டிகிரி சொச்சம்.

காலையிலேயே டார்ச் அடித்து உள்ளே காட்டியிருந்தார். குளிர்ந்த சோடா பாட்டில் மேல் பூப்பது போலக் கண்ணாடி முழுக்க மங்கல். அந்த ஈரம் லேசர் பட்ட மாத்திரத்தில் ஆவியாகிவிடும், அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் முந்தின நாள் மரம் வெட்டிய புகையும் பிசினும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், மேலே லேசர் விழும்போது சுட்டுப் படிந்துவிடும். தினம் ஒரு பூச்சு. கழற்றிக் கையில் கொடுத்தார். தங்கப் பூச்சுக் கண்ணாடியின் நடுவில் மிளகு அளவுக்குப் பழுப்பு வட்டம், அதைச் சுற்றி வெந்நீர்ப் பானையில் உப்புப் படிந்தது போல வளையங்கள். அதைத் துடைத்து மீட்க முடியவில்லை, பூச்சே பொரிந்திருந்தது. எங்களிடம் இருந்த உபரிக் கண்ணாடியை மாட்டினோம். அளவு 87, 86, 84, 82 என்று வந்தது.

அதே ஈரம்தான் இரண்டாவது வியாதிக்கும் காரணம். குழாயின் பின்முனையில் இருபதாயிரம் வோல்ட்டுக்குப் பக்கமாக மின்சாரம் ஏறுகிறது. சில்லரில் இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீர் அந்த முனை வழியாக ஓடுவதால் அங்கேதான் முதலில் பனி பூக்கிறது. தூசியும் ஈரமும் சேர்ந்த பாதையில் மின்சாரம் குழாய்க்குள் போகாமல் வெளியே கசிகிறது. காலையிலேயே மூடிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்கச் சொல்லியிருந்தார். டிக், டிக் என்று பல்லி சொல்வது போல. அந்தச் சத்தத்தை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், எலியோ ரிலேயோ என்று விட்டுவிட்டோம். இதில் நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். மெலிந்த காற்றில் பொறி சுலபமாகத் தாண்டும். கோவையில் அமைதியாக ஓடும் அதே இணைப்பு இங்கே டிக் டிக் என்று கசியும். மெயின் சுவிட்சை அணைத்து, காத்திருந்து, எர்த் கம்பியால் தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்கிய பிறகே கை வைத்தார். பழைய சிலிக்கோனை முழுதாகச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புதிதாகப் போட்டுவிட்டார். அது ஆறும் வரை அன்றைக்கு வேலையில்லை.

மத்தியானம் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு 78 வயது. இந்து நகரில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் பூச்சுப் பிரிவில் வேலை பார்த்தவர். பிலிமின் மேல் ஒரு தூசி விழுந்தால் ஒரு சுருளே வீண் என்ற உலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். தம்பி லென்ஸைச் சுத்தம் செய்த விதத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். லென்ஸ் தாளை அதன்மேல் படுக்க வைத்து, ஒரு சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு, அழுத்தாமல் தாளை ஒரே பக்கமாக மெதுவாக இழுத்தார், தாளைத் தூக்கி எறிந்தார், புதுத் தாள், மறுபடி ஒரு இழுப்பு. ஒரு தடவைகூட விரலால் தேய்க்கவில்லை. "இதுதான் முறை. காய்ஞ்ச துணியில தேய்ச்சா தூசியே மணல் தாள் ஆயிடும்" என்று அப்பா என் பையன்களைப் பார்த்துச் சொன்னார். அவர் தொழிற்சாலை மூடிய பிறகு அந்த வேலையைப் பற்றி இப்படி ஆசையாகப் பேசி நான் கேட்டு வருடங்கள் ஆகின்றன. அந்த லென்ஸ் துத்தநாக செலினைடு. உடைந்தால் தூளைக் கையால் தொடக் கூடாது, சுரண்டக் கூடாது, விஷம் என்பதையும் அன்றைக்குத்தான் பையன்களுக்கு யாரோ சொன்னார்கள்.

இரண்டாம் நாள் எனக்குத்தான் மனசு கனத்தது. மேஜை அடியில் பெட்டியில் கிடந்த பழைய குழாயைக் கேட்டார். மாட்டிப் பார்த்தார். 10, 15, 20, 25 என்று மில்லிஆம்பை ஏற்றி ஒவ்வொன்றுக்கும் வாட்டைக் குறித்து கிராஃப் தாளில் புள்ளி வைத்தார். கோடு ஒழுங்காக ஏறியது. 26-ல் 84 வாட். புதுக் குழாயைவிட 3 வாட்தான் குறைவு. உள்ளே ஓடும் ஒளியும் நல்ல இளஞ்சிவப்பு கலந்த ஊதா. வாயு கெட்டால் வெளிறிப்போகுமாம். தடிமனான அக்ரிலிக் கட்டியில் ஒரு சிறு அடி கொடுத்து, குழிந்த தடத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கவிழ்த்த கோபுரம் மாதிரி, ஒரு பக்கமும் சாயாமல் நேராக இறங்கியிருந்தது. செத்துவிட்டது என்று எனக்குச் சொல்லப்பட்ட குழாய் அது.

போனில் ஏற்றச் சொன்ன அளவு என்ன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மின்னோட்ட உச்ச வரம்பை 31 மில்லிஆம்புக்கு ஏற்றியிருக்கிறோம். கிராஃபில் காட்டினார்: 26-க்கு மேல் கோடு படுத்துவிடுகிறது. அதற்கு மேல் ஏற்றினால் வெளிச்சம் கூடாது, குழாயின் ஆயுள்தான் குறையும். வரம்பை 26-க்கு இறக்கிப் பூட்டினார். பழைய குழாயை உபரியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் வருடக்கணக்கில் அல்ல. உள்ளிருக்கும் ஹீலியம் கண்ணாடி வழியாகவே மெல்ல மெல்லக் கசிந்துபோகும், பெட்டியில் சும்மா இருந்தாலும் வயசாகும்.

(இந்தக் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். டீ குடிக்கும்போது தம்பிதான் சொன்னார். பெரியவன் அதை மெஷின் மூடியின் உள்பக்கம் ஒரு மரத்துண்டில் பொறித்து ஒட்டி வைத்திருக்கிறான்.)

தண்ணீரையும் விடவில்லை. வீட்டு ஆர்ஓவுக்கு வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரையே எடுத்து வரச் சொல்லி சில்லர் தொட்டியில் முக்கினார். பையன்கள் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்தபோது குழாய்த் தண்ணீர் கலந்தது அதில் மாட்டிக்கொண்டது. உப்புள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதுவும் ஒரு கசிவுதான். உறைபனி ராத்திரியில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் லேசர் குழாயில் நிற்கும் தண்ணீரை மட்டும் தினமும் வடித்துவிடுவோம். அதற்குப் பதிலாக மீன் தொட்டி ஹீட்டர் ஒன்றைத் தொட்டியில் போட்டு 18 டிகிரியில் வைக்கச் சொன்னார். கேஸ் ஹீட்டரை எடுத்துவிட்டு, எண்ணெய் நிரப்பிய கரண்ட் ரேடியேட்டர் வாங்கினோம். அது காற்றில் ஈரத்தைச் சேர்க்காது. காலையில் அதையும் தண்ணீரையும் முதலில் சூடேற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மெஷின் மூடியைத் திறக்கிறோம். இரண்டுக்கும் ஆன செலவு பத்தாயிரத்துக்குள்.

ஃபைபர் மெஷினுக்கு அரை மணி நேரம் போதும் என்றார், போதுமானதாகவே இருந்தது. 20, 50, 80, 100 சதவீதத்தில் அளந்தார், ஒழுங்காக ஏறியது. விசிறி வலையில் தூசி, லென்ஸில் லேசான புகை, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் கண்ணுக்கு மாட்டிக்கொண்டிருந்த பச்சைக் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்து, எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்று அதில் எதுவும் அச்சிடவில்லை என்பதைக் காட்டினார். இந்த மெஷினின் 1,064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாமலே விழித்திரை வரை போய்ச் சுடும். கார்பன் டை ஆக்சைடு லேசருக்குப் போதுமான கண்ணாடி இதற்குப் போதாது. அன்றைக்கே சரியான இரண்டு கண்ணாடிக்கு ஆர்டர் போட்டேன். இத்தனை நாள் அந்தப் பையன்கள் எதை நம்பி உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூப்பிட்டு மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. சீசனில் மெஷின் நின்றால் அவ்வளவு நாள் யாராலும் தாங்க முடியாது. அறிக்கை பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தது. வந்ததும் முழுக்க ஆங்கிலம். என் பையன்கள் படிக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். மறுப்பு சொல்லாமல், தினமும் பார்க்க வேண்டியவற்றை மட்டும் தமிழில் ஒரு பக்கம் கையால் எழுதி அனுப்பினார், அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருக்கிறோம். மாலை ஆறுக்கு மேல் போன் எடுக்க மாட்டார். உதிரிப் பாகம் விற்பதில்லை என்பது நேர்மைக்கு நல்லது, ஆனால் எங்களிடம் உபரிக் கண்ணாடி இல்லாமல் போயிருந்தால் அதற்கு ஒரு பார்சல் வரும் வரை மெஷின் நின்றிருக்கும். கூப்பிடும் முன் ஒரு செட் கண்ணாடியும் லென்ஸும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளுக்கு, பயணம் தங்கல் உட்பட 9,500 ரூபாய் கொடுத்தேன். ஒரு குழாயின் விலையோடு ஒப்பிட்டால் எனக்கு அது அதிகமாகப் படவில்லை. அவர் யோசனைப்படி கையடக்க அளவுமானி ஒன்றை நாங்களே வாங்கிவிட்டோம். அவருடையதைவிட 4 வாட் குறைவாகக் காட்டுகிறது. பரவாயில்லை, அதே கருவி, அதே இடம், அதே மில்லிஆம்ப் என்று வைத்துப் பார்த்தால் போதும், ஏற்ற இறக்கம்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையும் மதியமும் அளந்து எழுதுவது இப்போது சின்னவனின் பொறுப்பு. போன திங்கள் காலை 77, மதியம் 78.

கோடை சீசன் கூட்டத்துக்கு முன் ஒரு தரம் வரச் சொல்லியிருக்கிறேன். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் லேசர் வைத்திருப்பவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் நாள் கேட்டால் பயணச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், அதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். பட்டறைக்கு வாருங்கள், நம்பர் நேரில் தருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதற்கு முன்னால் மெஷின் சூடேறிக்கொண்டிருக்கும்.